காசு நம்முடையது, திறப்பு அவர்களுடையதா?

ஒருவன் ஒரு வீட்டை விலைகொடுத்து வாங்குகின்றான். உறுதி எழுதி, காசை எண்ணிக் கொடுத்து, திறப்பைக் கையிலே பெற்றுக்கொள்கின்றான். ஆறு மாதம் சென்றபின், ஓர் இரவில் விற்றவன் வந்து கதவின் பூட்டை மாற்றிவிட்டுப் போகின்றான். "ஏன் ஐயா இப்படிச் செய்தீர்?" என்று கேட்டால், "இனி இந்த வீட்டில் என் கடையிலே வாங்கிய விளக்கைத்தான் ஏற்றலாம். வேறு விளக்கை ஏற்றினால் கதவு திறவாது. எல்லாம் உமது பாதுகாப்புக்காகவே!" என்று விடை பகர்கின்றான்.

வீட்டு விடயத்தில் இஃது நடவாது. நடந்தால் பொலிஸ் இருக்கின்றது, நீதிமன்றம் இருக்கின்றது, ஊர் இருக்கின்றது. ஆனால் கமரா விடயத்தில் இஃது நடந்திருக்கின்றது. கேட்பார் எவருமில்லை. அந்த அநீதியைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம்.

அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். படம் பிடிக்க வந்தவர் இரத்மலானையைச் சேர்ந்த ஓர் இளைஞர். தாயாரின் காப்பை அடகுவைத்துக் கமரா வாங்கியவர். அந்தக் கமராவே அவர் குடும்பத்துக்குச் சோறு போடுவது. கமராவுடன் வந்த பற்றறி ஒன்று. ஒரு கலியாணத்துக்கு ஒரு பற்றறி போதாது என்பதால், வேறொரு கம்பனி தன் சொந்தப் பெயரிலே செய்து விற்கும் பற்றறிகள் இரண்டைக் கொழும்பிலே வாங்கி வைத்திருந்தார். கமரா செய்தவரின் பற்றறி ஒன்றின் விலைக்கு இவற்றில் மூன்று வாங்கலாம். இரண்டாண்டுகளாக அவை ஒரு குறையுமின்றி உழைத்தன.

கலியாணத்துக்கு முந்திய கிழமை, கமராவின் உள்ளே இருந்து அதனை இயக்கும் மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பு வந்திருப்பதாக அறிவித்தல் கிடைத்தது. படத்தின் தெளிவு கூடும் என்ற நம்பிக்கையில் அவரும் அதனை ஏற்றினார். கலியாணத்தன்று மணவறையில் சடங்குகள் நடந்துகொண்டிருக்கையில் முதலாவது பற்றறி தீர்ந்தது. இரண்டாவதைப் போட்டார். 'இந்தப் பற்றறியைப் பயன்படுத்த முடியாது' என்று திரையில் எழுத்து ஓடியது, கமரா அணைந்தது. மூன்றாவதற்கும் அதே விடை. கெட்டிமேளம் முழங்கிற்று, தாலி ஏறிற்று. அந்த நொடியின் படம், பெண்ணின் ஒன்றுவிட்ட தம்பி கைத்தொலைபேசியிலே எடுத்தது ஒன்றுதான். பேசிய கூலியில் பாதியைத் தாமே விட்டுக்கொடுத்துவிட்டு, தலைகுனிந்து அந்த இளைஞர் மண்டபத்தை விட்டுப் போனதை நாம் நேரிலே கண்டோம்.

"நேற்றுவரை வேலை செய்த பற்றறி, ஐயா. பற்றறி பழுதாகவில்லை, கமராவும் பழுதாகவில்லை" என்றார் அவர். ஆம், இரண்டும் பழுதாகவில்லை. அவ்விரண்டுக்கும் இடையே எங்கோ தொலைதூரத்தில் இருக்கும் ஒரு கம்பனி புகுந்து, 'சேராதே!' என்று கட்டளையிட்டுவிட்டது.

இஃது எவ்வாறு நடக்கின்றது? இன்றைய பற்றறிகள் பலவற்றுள் நுண்ணிய மின்சில்லு ஒன்று இருக்கின்றது. எவ்வளவு மின்சாரம் எஞ்சியிருக்கின்றது, எவ்வளவு சூடு ஏறியிருக்கின்றது என்பவற்றைக் கமராவுக்குச் சொல்வது அதன் கடமை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே வழியாக, 'நீ யார்? உன்னைச் செய்தவர் யார்?' என்றும் கமரா கேட்கலாம். இரகசியமான ஒரு விடையை எதிர்பார்க்கலாம். அந்த விடை தெரியாத பற்றறி எவ்வளவு திறமாகச் செய்யப்பட்டிருந்தாலும் தள்ளிவிடலாம். வாங்கிய நாளில் கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பின்னர் ஒரு புதுப்பிப்பின் மூலம் கேட்கச் செய்யலாம்.

இது வெறுங் கற்பனையன்று. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜப்பானின் பனசொனிக் கம்பனி, தன் லூமிக்ஸ் கமராக்களிற் சிலவற்றுக்கு இத்தகைய புதுப்பிப்பொன்றை வெளியிட்டது. அதனை ஏற்றிய கமராக்கள் பிறர் செய்த பற்றறிகளை ஏற்க மறுத்தன. பிறர் செய்யும் பற்றறிகளிற் சிலவற்றுக்கு உள்ளே பாதுகாப்பு உறுப்பு இல்லை, அவை சூடேறித் தீப்பற்றக்கூடும், ஆகவே வாடிக்கையாளரைக் காக்கவே இப்படிச் செய்தோம் என்பது கம்பனி சொன்ன நியாயம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் செவிமடுப்பதே நேர்மை. லிதியம் பற்றறி விளையாட்டுப் பொருளன்று. உள்ளே குறுக்குமின் உண்டானால் சூடு சூட்டைப் பெருக்கித் தீயாகும். மட்டமான பொருளை எடுத்து, பெரிய கம்பனியின் பெயரைத் திருடி ஒட்டி விற்கும் கயவர் இருக்கின்றனர் என்பதும் உண்மை. அவர்களைப் பிடித்துத் தண்டிப்பதை நாம் இரு கையெடுத்து வரவேற்போம்.

ஆனால் இங்கே ஒரு புரட்டு இருக்கின்றது. வாசகர்கள் அதனைக் கவனித்தல் வேண்டும். பிறர் பெயரைத் திருடி விற்பவன் வேறு. தன் சொந்தப் பெயரைப் பொறித்து, தன் சொந்தப் பொறுப்பிலே பற்றறி செய்து விற்பவன் வேறு. முன்னவன் கள்ளன், பின்னவன் வியாபாரப் போட்டியாளன். கமராவின் பூட்டு இவ்விருவரையும் ஒரே தட்டில் நிறுத்துகின்றது. அது பற்றறியின் பாதுகாப்பைச் சோதிப்பதில்லை. பற்றறியின் குலத்தையே விசாரிக்கின்றது. 'நீ தீப்பற்றுவாயா?' என்று அது கேட்கவில்லை. 'நீ என் வீட்டுப் பிள்ளையா?' என்றே கேட்கின்றது.

தன் வீட்டுப் பிள்ளை தீ வைக்காது என்பதற்காவது உத்தரவாதம் உண்டா? 2006ஆம் ஆண்டில் சொனி செய்த மின்கலங்களைக் கொண்ட மடிக்கணினிப் பற்றறிகள் தீப்பற்றியமையால், டெல் என்னும் ஒரு கம்பனி மாத்திரம் 41 இலட்சம் பற்றறிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2016இல் சம்சுங் கம்பனி தன் நோட் 7 கைத்தொலைபேசிகளில் ஏறத்தாழ 25 இலட்சத்தைத் திரும்ப அழைத்து, ஈற்றில் அந்தத் தொலைபேசியின் உற்பத்தியையே நிறுத்தியது. அவற்றுள் இருந்தவை சந்தையில் வாங்கிப் போட்ட மலிவுப் பற்றறிகளா? கம்பனியே தெரிந்தெடுத்துப் பொருத்தியவையன்றோ! பாதுகாப்பு என்பது பெயரில் இல்லை, பரிசோதனையில் இருக்கின்றது. பற்றறியைப் பரிசோதிப்பதற்குச் சர்வதேசத் தரங்கள் இருக்கின்றன. அவற்றில் தேறிய பற்றறியையும் தள்ளும் பூட்டைப் பாதுகாப்புப் பூட்டு என்று எப்படிச் சொல்வது? அது வருமானப் பூட்டு.

இன்னுமொன்று. லிதியம் பற்றறி சிரஞ்சீவியன்று. சில நூறு தடவை மின்னேற்றிய பின் அதன் வலு குன்றும். நல்ல கமராவோ பத்தாண்டும் அதற்கு மேலும் உழைக்கும். கமரா செய்த கம்பனி ஒரு நாள் அந்தப் பற்றறியைச் செய்வதை நிறுத்திவிட்டால், பிறர் பற்றறியை ஏற்காத கமராவின் கதி என்ன? கண்ணாடி தெளிவாக இருக்கும். உறுப்புகள் ஒழுங்காக இருக்கும். இருந்தும் அது குப்பை! ஏழை நாட்டின் அந்நியச் செலாவணியில் வந்த பொருள், ஒரு கம்பனியின் விலைப்பட்டியலிலிருந்து ஒரு வரி நீங்கியதால் குப்பையாகும். இதுவா விஞ்ஞான வளர்ச்சி?

கமராவோடு இது நின்றுவிடவில்லை. கந்தோர்களில் உள்ள அச்சுப்பொறிகளைப் பாருங்கள். 2016 செப்டெம்பர் 13ஆந் திகதி, உலகின் பல பாகங்களில் எச்.பி. கம்பனியின் அச்சுப்பொறிகள் பிறர் செய்த மைப்பேழைகளைத் திடீரென ஏற்க மறுத்தன. முன்னரே ஏற்றி வைத்திருந்த கட்டளை அன்று கண் விழித்தது. மக்கள் பொங்கினர், வழக்குகள் எழுந்தன. 2020 டிசெம்பரில் இத்தாலியின் போட்டி அதிகாரசபை, மைப்பேழைக் கட்டுப்பாட்டை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லாத குற்றத்துக்காக அந்தக் கம்பனிக்கு ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது. லெக்ஸ்மார்க் என்னும் இன்னொரு அச்சுப்பொறிக் கம்பனி, விற்ற மைப்பேழையை மீள நிரப்புவோர்மீது தன் காப்புரிமையைக் காட்டி வழக்காடியது. ஒரு பொருளை விற்ற கணத்திலேயே அப்பொருளின் மீதுள்ள காப்புரிமை தீர்ந்துவிடுகின்றது என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 2017 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. முதலாளித்துவத்தின் தலைவீடு என்று சொல்லப்படும் நாட்டின் உச்ச நீதிபீடமே, 'விற்றது விற்றதுதான்' என்று சொல்லியிருக்கின்றது!

'கமராவும் அச்சுப்பொறியும் வசதி படைத்தோர் கவலை. பாமர மக்களுக்கு இதனால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். அவர்களை இரத்மலானைக்கு அழைக்கின்றோம்.

நாம் மேலே சொன்ன இளைஞரின் தந்தையார், இரத்மலானைப் புகையிரத வேலைத்தளத்திலே பொருத்துநராக இருந்து இளைப்பாறியவர். மகனுக்கு நேர்ந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நாங்கள் எஞ்சினைக் கழற்றினால், 'நீ யார் என்னைத் தொட?' என்று எஞ்சின் எங்களைக் கேட்டதில்லை." தொழிலாளி சொன்ன இந்த ஒரு வாக்கியத்தில் இந்த விடயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு 1954ஆம் ஆண்டு முதல் நமக்குத் தந்த டீசல் எஞ்சின்களை அறியாதார் யார்? கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய எம்-2 வகை எஞ்சின்கள் அவை. அறுபது ஆண்டுகள் கடந்தும் அவற்றிற் சில நம் தண்டவாளங்களில் ஓடியமைக்குக் காரணம் என்ன? செய்தவர் மட்டுமே தொடலாம் என்ற பூட்டு அவற்றில் இல்லை. நம் தொழிலாளர் திறந்தனர், பார்த்தனர், தேய்ந்ததைக் கடைந்தனர், கிடைத்ததைப் பொருத்தினர். 2004 டிசெம்பர் 26இல் பெரலியவில் ஆழிப்பேரலை ஒரு புகையிரதத்தை விழுங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அந்தப் புகையிரதத்தை இழுத்துச் சென்ற எஞ்சின் 'மனிற்றோபா' என்னும் 591ஆம் இலக்க எம்-2. கடல் புரட்டிப்போட்ட அந்த எஞ்சினையும் நம் நாட்டவர் மீட்டெடுத்துச் சீர்செய்து, மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றினர். செய்தவரின் அனுமதிக்குக் காத்திருந்தால் அது நடந்திருக்குமா?

இனி வருவதைப் பாருங்கள். போலந்து நாட்டின் கீழ்ச் சைலீசியாப் பகுதியிலே, புகையிரதங்கள் சிலவற்றைத் திருத்தும் வேலை அவற்றைச் செய்த நெவாக் கம்பனிக்கன்றி வேறொரு வேலைத்தளத்துக்கு வழங்கப்பட்டது. வேலை முடிந்தது, எல்லா உறுப்பும் சரி, வண்டியோ அசையவில்லை. செய்வதறியாது, அந்த வேலைத்தளத்தார் கணினி வல்லுநர் குழுவொன்றை அழைத்தனர். அக்குழுவினர் தாம் கண்டதை 2023 டிசெம்பரில் உலகறியச் சொன்னார்கள். குறித்த சில இடங்களிலே வண்டி சில நாள் தரித்து நின்றால் இயங்காது போகும்படி மென்பொருளிலே கட்டளை இருந்ததாம். அந்த இடங்கள் எவை? போட்டி வேலைத்தளங்கள் அமைந்துள்ள இடங்கள்! இக்குற்றச்சாட்டை நெவாக் கம்பனி மறுத்தது. மென்பொருளைப் பிறரே மாற்றியிருக்கக்கூடும் என்று அது சொன்னது, வழக்கும் தொடுத்தது. யார் எழுதினார் என்பதை அந்நாட்டு நீதிமன்றங்கள் தீர்க்கட்டும். ஆனால் அத்தகைய பூட்டு ஒரு புகையிரதத்துக்குள்ளே இருக்கக்கூடும் என்பது உலகுக்குத் தெரிந்துவிட்டது.

கமராப் பற்றறிக்குப் போட்ட பூட்டும் புகையிரதத்தில் கண்டதாகச் சொல்லப்படும் பூட்டும் ஒரே குடும்பம். ஒன்று சிறியது, ஒன்று பெரியது, அவ்வளவே. சிறியதைச் 'சில்லறை விடயம்' என்று இன்று விட்டுவிட்டால், நாளை இரத்மலானை வேலைத்தளத்தின் வாசலிலே பெரியது வந்து நிற்கும். அன்று நம் தொழிலாளரின் கையும் அனுபவமும் வீணாகும். ஓர் எஞ்சினை உயிர்ப்பிக்க வெளிநாட்டு நிபுணருக்கு விமானச் சீட்டும் டொலரும் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதுதான்!

டொலர் என்றதும் 2022ஆம் ஆண்டு நினைவுக்கு வராத இலங்கையர் உண்டோ? அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசாங்கம் கைவிரித்தது. மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. நூற்றுக்கணக்கான பொருள்வகைகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்தக் கொடிய நாட்களில் நம்மைத் தாங்கியவர் யார்? முதலாம் குறுக்குத் தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும் சிறு மேசை போட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, பழைய தொலைபேசியையும் கணினியையும் வானொலியையும் உயிர்ப்பித்துத் தந்த திருத்துநர்கள். பழைய வாகனங்களுக்கு மாற்றுப் பாகங்கள் தேடிப் பொருத்திய வாகனத் திருத்தகத்தார். புதியது வாங்க இயலாத மக்களின் வாழ்வு அவர்கள் கையில் இருந்தது. இந்தப் பூட்டு பரவினால் முதலில் பட்டினி கிடப்பவர் அவர்கள், அடுத்து நாம்.

உலகம் வாளாவிருக்கவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணைக்குழு, உதிரிப்பாகங்களையும் தொழில்நுட்ப விபரங்களையும் வெளித் திருத்துநருக்குக் கிட்டாமற் செய்தமைக்காக 14 மோட்டார்க் கம்பனிகள்மீது 2,544 கோடி ரூபாவுக்கு மேல் தண்டம் விதித்தது. கம்பனிகள் மேன்முறையீடு செய்தன என்பது உண்மை. எனினும் நியாயம் எந்தப் பக்கம் என்பதை ஆணைக்குழு உரக்கச் சொல்லிவிட்டது. 2022 ஜூலையில் அந்நாட்டு அரசாங்கம், திருத்தும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் நிறைவேற்றிய பற்றறி ஒழுங்குவிதியோ நம் விடயத்தை நேரே தொடுகின்றது. கையடக்கப் பொருள்களின் பற்றறியைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்ற இயலுமாறு செய்தல் வேண்டும். பொருந்தக்கூடிய வேறு பற்றறியைப் போடுவதை மென்பொருளால் தடுக்கலாகாது. இந்த விதி நடைமுறைக்கு வரும் நாளாக 2027 பெப்ரவரி 18 குறிக்கப்பட்டது. ஐரோப்பியனுக்கு விற்கும் கமராவில் பூட்டைக் கழற்ற இயலுமாயின், இலங்கையனுக்கு விற்கும் கமராவில் மட்டும் அது ஏன் இயலாது?

நம் நாட்டிலே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கின்றது. வியாபாரத்திலே மக்களை ஏய்க்கும் நடத்தையை அது தடைசெய்கின்றது. பொருள்களின் மீது என்ன எழுதப்பட வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தையும் அதிகாரசபைக்கு அது கொடுத்திருக்கின்றது. ஆகவே முதற்படிக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மனம் இருந்தாற் போதும். நாம் கேட்பவை நான்கு.

முதலாவது: பிறர் செய்த பற்றறியையோ மைப்பேழையையோ பாகத்தையோ ஏற்காத பொருள் எதுவாயினும், அதன் பெட்டியின் மேலே அந்த உண்மையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் அச்சிடும்படி அதிகாரசபை கட்டளையிடல் வேண்டும். பூட்டு இருக்கின்றது என்று தெரிந்தால், வாங்குவதா விடுவதா என்பதை மக்கள் தீர்மானித்துக்கொள்வர்.

இரண்டாவது: விற்கும் நாளில் இல்லாத தடையைப் பின்னர் ஒரு புதுப்பிப்பின் மூலம் புகுத்துவதைச் சட்டம் குற்றமாக்கல் வேண்டும். அப்படிப் புகுத்தப்பட்டால், முந்திய நிலைக்கு மீளும் வழியைக் கம்பனியே இலவசமாகத் தரல் வேண்டும். இன்றேல் காசைத் திருப்பல் வேண்டும்.

மூன்றாவது: பற்றறியின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் பொறுப்பு கமராக் கம்பனியின் கையில் இருத்தலாகாது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் சந்தைக்கு வரும் பற்றறிகளைச் சோதித்து, தேறியவற்றுக்கு முத்திரை வழங்கட்டும்; தேறாதவை துறைமுகத்திலேயே தடுக்கப்படட்டும். தீயைப் பற்றிய அச்சம் உண்மையானதாயின், அதற்கு ஏற்ற மருந்து இதுவே.

நான்காவது: அரசாங்கம் பொதுப் பணத்திலே வாங்கும் எஞ்சினாயினும், பஸ்ஸாயினும், வைத்தியசாலை இயந்திரமாயினும், ஒப்பந்தத்திலே ஒரு நிபந்தனை எழுதப்படல் வேண்டும். இந்நாட்டுத் தொழிலாளர் இந்நாட்டு வேலைத்தளத்திலே அதனைத் திறந்து திருத்துவதை எந்த மென்பொருளும் தடுக்கலாகாது; அதற்குரிய கையேடுகளும் திறப்புகளும் பொருளோடு ஒப்படைக்கப்படல் வேண்டும். இந்த நிபந்தனையை எழுதுவதற்கு ஒரு சதமும் செலவாகாது. எழுதாமல் விட்டால் ஆகும் செலவை நம் பிள்ளைகள் கட்டுவர்.

நான்கும் மிகையான கோரிக்கைகளா? கம்பனிகள் புதியன காண்பதையோ, நியாயமான இலாபம் பெறுவதையோ நாம் எதிர்க்கவில்லை. தம் பற்றறியே சிறந்ததென்றால் அதனைச் சந்தையில் வைத்து வெல்லட்டும். பொருளை விற்றுக் காசையும் வாங்கிக்கொண்டு, அதன் மீதுள்ள ஆட்சியை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் வழக்கத்தையே எதிர்க்கின்றோம். அதற்கு விற்பனை என்று பெயரில்லை. குத்தகை என்று பெயர். குத்தகையென்றால் குத்தகையென்று சொல்லி, குத்தகைக் காசை வாங்கட்டும்!

பாராளுமன்றத்திலே நம் பெயரால் அமர்ந்திருப்போர், பெரிய அரசியற் பிரச்சினைகளுக்கிடையே இதனையும் ஒரு நாள் எடுத்துப் பேசுதல் வேண்டும். வாசகர்களும் சும்மாயிருத்தலாகாது. அடுத்த முறை கமராவோ அச்சுப்பொறியோ வாங்கப் போகும்போது, காசைக் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: "பிறர் செய்த பற்றறியை இது ஏற்குமா? நாளைக்கும் ஏற்கும் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா?" பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் இறக்குமதியாளரிடம் சொல்வார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பனிக்குக் கேட்கும்.

இரத்மலானை இளைஞர் கடன்பட்டு, கம்பனிப் பற்றறி இரண்டு வாங்கிவிட்டார்; தாயாரின் காப்பு இன்னும் அடகுக் கடையிலேதான். ஒரு குறையுமில்லாத பழைய பற்றறிகள் இரண்டும் அவர் வீட்டு அலுமாரியில் கிடக்கின்றன. அவற்றைக் குப்பையிலே போட அந்தத் தந்தையார் விடவில்லை. "பழுதாகாததை எறிந்து எனக்குப் பழக்கமில்லை" என்கின்றார் அவர்.